போர்க்கால உக்ரைன்: மின்கட்டமைப்பைத் தாங்கி நிற்பது யார்?

1932 அக்டோபர் 10 அன்று தினீப்பர் நதியின் மீது சோவியத் தொழிலாளர்கள் எழுப்பிய மாபெரும் நீர்மின் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் சிதைந்து கிடந்த நாட்டை மின்மயமாக்க 1920இல் வகுக்கப்பட்ட கோயெல்ரோ திட்டத்தின் மகுடம் அது. சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 10 அன்று, உக்ரைனின் மின்கட்டமைப்பின் மீது ரஷ்யா தனது பெருந்தாக்குதலைத் தொடங்கியது. 2024 மார்ச் 22 அன்று அதே தினீப்பர் நீர்மின் நிலையமும் ரஷ்ய ஏவுகணைகளுக்கு இலக்கானது. சோவியத் மக்களின் உழைப்பில் விளைந்ததை, சோவியத்தின் வாரிசு எனத் தன்னை அறிவித்துக்கொண்ட முதலாளித்துவ அரசே தகர்க்கிறது.

உக்ரைனின் மின்துறை எதிர்கொள்ளும் நெருக்கடி குறித்து எரிசக்தி நிபுணர்கள் ஏராளமாக எழுதி வருகின்றனர். எத்தனை மெகாவாட் இழப்பு, எத்தனை மின்மாற்றிகள் தேவை, எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்பவை அவற்றில் விரிவாக அலசப்படுகின்றன. ஆனால் அந்தக் கட்டமைப்பு யாருக்குச் சொந்தம், அதை உயிரைப் பணயம் வைத்துக் காப்பவர் யார், செலவைச் சுமப்பவர் யார் என்ற கேள்விகள் அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இழப்பின் அளவு

ஐரோப்பாவிலேயே மிகப்பெரிய அணுமின் நிலையமான ஜாப்பொரீஷியா, ஆறு உலைகளும் 6,000 மெகாவாட் திறனும் கொண்டது. 2022 மார்ச்சில் ரஷ்யப் படைகளின் கைக்குச் சென்ற அந்த நிலையம், அவ்வாண்டு செப்டம்பர் முதல் மின்னுற்பத்தி செய்யவில்லை. 2023 ஜூன் 6 அன்று, ரஷ்யக் கட்டுப்பாட்டில் இருந்த ககோவ்கா அணை தகர்ந்ததில் நீர்மின் நிலையமும் அழிந்தது. 2024 வசந்த காலத் தாக்குதல்களில் மட்டும் ஏறத்தாழ 9,000 மெகாவாட் உற்பத்தித் திறன் பறிபோனது. கீவ் நகருக்கு அருகிலுள்ள திரிப்பில்ஸ்கா அனல்மின் நிலையம் ஏப்ரல் 11 அன்று முற்றிலும் நாசமானது.

அந்தக் கோடையில் உச்சநேரத் தேவை சுமார் 12,000 மெகாவாட்டாக இருக்க, அதைவிட 2,000 மெகாவாட்டுக்கு மேல் பற்றாக்குறை நிலவியதாகச் சர்வதேச எரிசக்தி முகமையின் அறிக்கை கூறியது. உக்ரைன் நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான வெப்ப நீர் மைய நிலையங்களிலிருந்து குழாய் வழியே வருகிறது. மின்சாரம் நின்றால் வெப்பமும் குடிநீரும் கழிவுநீர் வெளியேற்றமும் சேர்ந்தே நிற்கும். உறைபனிக் காலத்தில் மின்வெட்டு முதியோருக்கும் குழந்தைகளுக்கும் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

ஏன் முழுவதும் இருளவில்லை?

இவ்வளவு இழப்புக்குப் பிறகும் மின்கட்டமைப்பு இயங்குவதற்கு இரண்டு அடிப்படைக் காரணங்கள் உள்ளன. முதலாவது, அது திட்டமிட்ட பொருளாதாரத்தின் படைப்பு. லாபக் கணக்குப் பார்க்காமல், தேவைக்கும் மிகுதியான திறனுடனும் ஒரு பாதை அறுந்தால் மறுபாதை தாங்கும்படியும் அது வடிவமைக்கப்பட்டது. சந்தையின் பார்வையில் வீண் செலவு எனத் தோன்றும் அந்த உபரித் திறன்தான் போர்க்காலத்தில் நாட்டுக்குக் கேடயமாயிற்று. மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வழங்கும் அணுமின் நிலையங்களும் உயரழுத்த மின்தொடர் வலைப்பின்னலும் இன்றளவும் பொதுத்துறையிலேயே உள்ளன. போர் மூண்ட 2022 பிப்ரவரி 24 அன்று அதிகாலையில் ரஷ்ய-பெலாரஸ் வலைப்பின்னலிலிருந்து துண்டித்துக்கொண்டு, மூன்று வாரங்கள் தனித்தே இயங்கி, மார்ச் 16 அன்று ஐரோப்பிய வலைப்பின்னலுடன் இணைந்தது இந்தப் பொதுக் கட்டமைப்பே.

இரண்டாவது காரணம் மின்துறைத் தொழிலாளர்கள். குண்டு விழுந்த இடத்தில் பழுது நீக்கச் செல்வோர் மீது மறுமுறையும் குண்டு வீசப்படுகிறது. போர் தொடங்கியது முதல் நூற்றுக்கும் மேற்பட்ட மின்துறைத் தொழிலாளர்கள் உயிரிழந்துள்ளனர். இவர்களுக்கு ஆட்சியாளர்கள் அளித்த கைம்மாறு என்ன? முக்கியக் கட்டமைப்பு நிறுவனங்களில் வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்க 2022இல் சட்டப்படி அனுமதி வழங்கப்பட்டது. 250 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களில் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பைத் தளர்த்தும் சட்டமும் அதே ஆண்டு ஆகஸ்டில் அமலுக்கு வந்தது.

சந்தையின் சாதனை

சோவியத் ஒன்றியம் தகர்ந்தபின் உற்பத்தி, மின்தொடர், விநியோகம் எனத் துறை கூறுபோடப்பட்டது. 2011-12 ஆண்டுகளில் அரசுப் பங்குகள் விற்கப்பட்டு, அனல்மின் உற்பத்தியின் பெரும்பகுதி ரினாத் அஹ்மெத்தோவ் என்ற ஒரே செல்வந்தரின் நிறுவனத்திடம் குவிந்தது. 2019 ஜூலையில் மொத்த மின்சந்தை திறந்துவிடப்பட்டது. போரின் நடுவிலும் கட்டண உயர்வு நிற்கவில்லை. 2023 மே வரை 250 யூனிட்டுக்குள் பயன்படுத்திய குடும்பங்கள் யூனிட்டுக்கு 1.44 ஹிரிவ்னியா செலுத்தின. இருமுறை உயர்த்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் அது 4.32 ஆயிற்று. ஓராண்டு இடைவெளியில் மும்மடங்கு! 2023 மார்ச்சில் 1,560 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த சர்வதேச நிதியமோ, எரிசக்திக் கட்டணம் செலவை முழுமையாக ஈடுகட்ட வேண்டும் என வலியுறுத்தி வருகிறது.

பொதுத்துறை என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது என்பதற்கும் உக்ரைனே சாட்சி. அரசின் அணுமின் நிறுவனத்தில் ஒப்பந்ததாரர்களிடம் 10 முதல் 15 விழுக்காடு வரை கையூட்டு பெறப்பட்டதாகவும், சுமார் 10 கோடி டாலர் சுருட்டப்பட்டதாகவும் 2025 நவம்பரில் அந்நாட்டு ஊழல் தடுப்பு அமைப்பு குற்றம் சாட்டியது. எரிசக்தி அமைச்சரும் நீதித்துறை அமைச்சரும் பதவி இழந்தனர். தொழிலாளர்களின் கண்காணிப்பும் மக்களின் கட்டுப்பாடும் இல்லாத பொதுத்துறை, ஆளும் கும்பலின் வேட்டைக்காடாகும்.

நிபுணர்களின் தீர்வும் எஞ்சும் கேள்வியும்

பெரிய நிலையங்களை வீழ்த்துவது எளிது. எனவே சிறிய எரிவாயு நிலையங்கள், சூரிய மின்சக்தி, மின்கலன் சேமிப்பகங்கள் எனப் பரவலாக்க வேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைக்கின்றனர். தொழில்நுட்ப நோக்கில் இது ஏற்கத்தக்கதே. ஆனால் பரவலாக்கம் என்ற பெயரில் வசதி படைத்தோர் சொந்தமாகச் சேமிப்பகம் வைத்துக்கொள்ள, ஏழைக் குடியிருப்புகள் இருளில் கிடப்பதாக முடிந்துவிடக் கூடாது. மருத்துவமனைகள், பள்ளிகள், குடிநீர் நிலையங்கள், பொதுக் குடியிருப்புகள் ஆகியவற்றுக்கு முதலிடம் தரும் பொதுத் திட்டமாக அது அமைய வேண்டும். மறுகட்டமைப்பு உதவி கடனாக வந்தால், அடுத்த தலைமுறையின் மின்கட்டணத்திலிருந்தே அது வசூலிக்கப்படும்.

இரட்டை அளவுகோல்

மின்கட்டமைப்பின் மீதான தாக்குதல்களுக்காக ரஷ்யத் தளபதிகள் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024இல் பிடியாணை பிறப்பித்தது. குடிமக்களை உறைய வைப்பது குற்றமே; அதில் ஐயமில்லை. ஆனால் 1991இல் இராக்கின் மின்நிலையங்களை அமெரிக்கக் கூட்டணி தகர்த்தபோதும், 1999இல் யூகோஸ்லாவியாவின் மின்கட்டமைப்பை நேட்டோ முடக்கியபோதும் இந்த அறச்சீற்றம் எங்கே போயிற்று? 2023 அக்டோபரில் இஸ்ரேலின் முற்றுகையால் எரிபொருளின்றிக் காஸாவின் ஒரே மின்நிலையம் நின்றபோது மேற்குலகத் தலைநகரங்கள் இஸ்ரேலுக்குத் துணைநின்றன.

மூலதனத்துக்கோ போர் ஒரு தடையே இல்லை. இரு நாட்டுப் படைவீரர்களும் செத்து மடிந்துகொண்டிருந்த ஏறத்தாழ மூன்றாண்டுகளும் ரஷ்ய எரிவாயு உக்ரைன் குழாய்கள் வழியே ஐரோப்பாவுக்குப் பாய்ந்தது. ரஷ்ய நிறுவனம் விலையைப் பெற்றது. உக்ரைன் கடவுக் கட்டணம் பெற்றது. ஒப்பந்தக் காலம் முடிந்ததால்தான் 2025 ஜனவரி 1 அன்று அது நின்றது. எரிவாயு இடையறாது செல்ல வழிகண்ட ஆட்சியாளர்கள், மக்களுக்கு அமைதி கிட்ட வழிகாணவில்லை.

இந்தியாவுக்கான பாடம்

ஒன்றிய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்ட மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, பொதுப்பணத்தில் உருவான ஒரே வலைப்பின்னலைப் பல விநியோக நிறுவனங்கள் பயன்படுத்த வழிவகுக்கிறது. லாபம் தரும் நுகர்வோரைத் தனியார் பொறுக்கிக்கொள்ள, விவசாயிகளும் ஏழைகளும் பொதுத்துறையின் தலையில் விடப்படுவர். கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தபோது, பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் பொதுத்துறை ஊழியர்களே விரைந்து வந்தனர். பேரிடரில் கைகொடுக்கும் இந்த உபரி ஆட்பலத்தைத்தான் தனியார்மயம் முதலில் வெட்டும். இதை எதிர்த்து மின் ஊழியர்களும் பொறியாளர்களும் நடத்தும் போராட்டம் அவர்களது பணிப் பாதுகாப்புக்கானது மட்டும் என எண்ணுவது தவறு.

உக்ரைனில் உடனடிப் போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, மின்கட்டமைப்பின் மீதான தாக்குதல்களுக்கு முற்றுப்புள்ளி ஆகிய கோரிக்கைகள் உலகெங்கும் வலுப்பெற வேண்டும். மின்சாரம் மக்களின் உரிமை என்ற முழக்கத்தை ஒவ்வொரு குடியிருப்புக்கும் கொண்டுசெல்வது இந்திய உழைக்கும் மக்களின் அமைப்புகள் முன்னுள்ள கடமையாகும்.