மின்தூக்கிப் பொத்தானை மட்டும் பார்த்தால் போதுமா?

கையை அசைத்தால் திறக்கும் கதவு, விரலை அருகில் கொண்டுசென்றாலே வேலை செய்யும் மின்தூக்கிப் பொத்தான், அட்டையைக் காட்டினால் வழிவிடும் நுழைவாயில், கையை நீட்டினால் நீர் கொட்டும் குழாய். உங்கள் பெற்றோர் வேலை செய்யும் கட்டடத்தில் இவற்றில் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். இவற்றில் பல, கொவிட்-19 கிருமிப் பரவலுக்கு முன்பே இருந்தவைதான். ஆனால், 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவலை முறியடிக்கும் திட்டம் நடப்புக்கு வந்து, சிங்கப்பூரின் பெரும்பாலான அலுவலகங்கள் மூடப்பட்டன. ஊழியர்களை எப்படிப் பத்திரமாக மீண்டும் வரவழைப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான் ‘தொடாத் தொழில்நுட்பம்’ என்ற பேச்சு பெரிதானது.

2022 ஏப்ரல் 26ஆம் தேதி முதல் ஊழியர்கள் அனைவரும் வேலையிடம் திரும்ப அனுமதி கிடைத்தது. அன்று பொருத்திய கருவிகள் பல இன்றும் இருக்கின்றன. இன்னொரு கிருமி வந்தால் முதலில் இவற்றைத்தான் நாடுவோம். ஆகவே, பதற்றம் இல்லாத இந்த நேரத்தில் இவற்றை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. என் கருத்து இதுதான்: தொடாத கருவிகளுக்கு அலுவலகத்தில் இடம் உண்டு, ஆனால் முதல் இடம் அறையின் காற்றுக்கே கிடைக்க வேண்டும்.

கருவி நம்மை எப்படி உணர்கிறது?

கருத்துச் சொல்வதற்கு முன் கருவியைப் புரிந்துகொள்வோம். தொடாத கருவிகள் எல்லாம் ஒரே மாதிரி இயங்குவதில்லை.

நம் உடல் எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. அவற்றில் பெரும்பகுதியின் அலைநீளம் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி இருக்கும். சில உணர்கருவிகள் எந்தக் கதிரையும் அனுப்பாமல், இந்த வெப்பக் கதிர்வீச்சில் ஏற்படும் மாற்றத்தை மட்டும் கவனிக்கின்றன. ஒருவர் நடந்து வந்தால் விளக்கு எரிவது இப்படித்தான். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதே விளக்கு அணைந்துவிடுவதற்கும் காரணம் இதுவே.

குழாயும் சோப்புக் கருவியும் வேறு வகை. அவை தாமே அகச்சிவப்புக் கதிரை அனுப்புகின்றன. கையில் பட்டுத் திரும்பும் கதிரின் அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அடைப்பான் திறக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. திரும்பி வரும் கதிர் குறைவாக இருந்தால் கருவி கையைக் கவனிக்காது. 2017இல் இணையத்தில் பரவிய ஒரு காணொளியில், ஒரு சோப்புக் கருவி கருமை நிறக் கைக்குச் சோப்புத் தரவில்லை. வெள்ளைத் தாளைக் காட்டியதும் தந்தது. எல்லா நிறத் தோலிலும் சோதிக்காமல் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம்.

நுழைவு அட்டை இன்னொரு வகை. பெரும்பாலான அட்டைகளில் மின்கலமே கிடையாது. வாசிக்கும் கருவி உண்டாக்கும் மாறும் காந்தப்புலம், அட்டைக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. நீங்கள் இயற்பியல் பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் அது.

பொத்தானில் இருந்த ஆபத்து எவ்வளவு?

2020 மார்ச் மாதம் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வந்த ஓர் ஆய்வு உலகம் முழுதும் தலைப்புச் செய்தியானது. கொவிட்-19 கிருமி பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையும், துருப்பிடிக்கா எஃகில் 48 மணி நேரம் வரையும், செம்பில் 4 மணி நேரம் வரையும் உயிர்ப்புடன் இருந்ததாக அது தெரிவித்தது. மக்கள் பயந்ததில் வியப்பில்லை. மின்தூக்கிப் பொத்தானைச் சாவியாலும் முழங்கையாலும் அழுத்தத் தொடங்கினோம்.

ஆனால், அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. பிளாஸ்டிக்கில் அந்தக் கிருமியின் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 7 மணி நேரம். அதாவது, ஒவ்வொரு 7 மணி நேரத்துக்கும் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது. 72 மணி நேரத்தில் பத்து முறை பாதியானால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே வைத்த கிருமியில். “72 மணி நேரம் கண்டறிய முடிந்தது” என்பதும் “72 மணி நேரம் நோயைப் பரப்பும்” என்பதும் ஒன்றல்ல.

பொத்தானிலிருந்து கிருமி நம்மை அடைய, அது விரலில் ஒட்ட வேண்டும், விரல் கண்ணையோ மூக்கையோ வாயையோ தொட வேண்டும், அதுவரை கிருமி உயிர்ப்புடன் இருக்க வேண்டும். முகத்தைத் தொடுவது நமக்குப் பழக்கம்தான். 2015இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மருத்துவ மாணவர்களே மணிக்குச் சராசரியாக 23 முறை தங்கள் முகத்தைத் தொட்டார்கள். எனவே இந்த வழியில் பரவவே முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால், கிருமி உள்ள பரப்பை ஒருமுறை தொடுவதால் கொவிட்-19 தொற்றும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையங்கள் 2021 ஏப்ரலில் அறிவித்தன.

சோல் நகரக் கட்டடம் சொல்லும் பாடம்

அலுவலகத்தைப் பற்றியே ஒரு சான்று இருக்கிறது. 2020 மார்ச் மாதம் தென்கொரியத் தலைநகர் சோலில், 19 மாடிக் கட்டடம் ஒன்றில் கொவிட்-19 பரவியது. அங்கு 1,143 பேரைப் பரிசோதித்ததில் 97 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 94 பேர் ஒரே மாடியில், 11ஆவது மாடியில் இருந்த தொலைபேசிச் சேவை நிலையத்தில் வேலை செய்தவர்கள். அந்த மாடியில் இருந்தவர்கள் 216 பேர். அதாவது, பத்தில் நான்கு பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இப்போது யோசியுங்கள். எல்லா மாடிக்காரர்களும் அதே மின்தூக்கிகளைப் பயன்படுத்தினார்கள், அதே முகப்புக்கூடத்தைக் கடந்தார்கள். பொத்தான்தான் முக்கியக் காரணம் என்றால், நோய் எல்லா மாடிகளுக்கும் பரவியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒரே அறையில் நெருக்கமாக அமர்ந்து, நாள் முழுதும் பேசிக்கொண்டிருந்தவர்களையே அது தாக்கியது. அந்தக் கட்டடத்தின் பொத்தான்கள் அனைத்தையும் தொடாத பொத்தான்களாக மாற்றியிருந்தாலும், அந்த 94 பேரில் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் தொடாத கருவிகள் வீணா?

இல்லை. கொவிட்-19 ஒன்றுதான் கிருமி என்று எண்ணிவிடக் கூடாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ கிருமியும், பாலர் பள்ளிகளை அடிக்கடி வாட்டும் கை, கால், வாய்ப் புண் நோயும் கைகள் வழியாக எளிதில் பரவக்கூடியவை. நோரோ கிருமிக்குக் கைத்தூய்மித் திரவம் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் நீரும் தேவை. ஆகவே, கழிவறைக் கதவையும் குழாயையும் தொடாமல் பயன்படுத்த முடிந்தால் நன்மைதான். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், இரு கைகளிலும் பெட்டி சுமந்து வருபவருக்கும் தானாகத் திறக்கும் கதவு பெரிய உதவி.

ஆனால், ‘தொடாதது என்றால் தூய்மையானது’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை தன் குழாய்களைச் சோதித்து, முடிவுகளை 2011இல் வெளியிட்டது. கையால் திருகும் குழாய்களின் நீர் மாதிரிகளில் 15 விழுக்காட்டில்தான் லெஜியோனெல்லா வகைப் பாக்டீரியா வளர்ந்தது. தானியங்கிக் குழாய்களின் மாதிரிகளிலோ 50 விழுக்காட்டில் வளர்ந்தது. தானியங்கிக் குழாயின் உள்ளே இருக்கும் சிக்கலான அடைப்பான்கள் பாக்டீரியா தங்க வசதியாக அமைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வெளியே கை படாத கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. பொத்தானை எடுத்துவிட்டு வழவழப்பான பலகையை வைத்தால், பிரெய்ல் புள்ளிகளைத் தடவி மாடியைத் தெரிந்துகொள்ளும் பார்வையற்றவர் என்ன செய்வார்? முகத்தை அடையாளம் கண்டு கதவைத் திறக்கும் கருவி வேண்டுமென்றால், ஊழியரின் முகத் தகவலை நிறுவனம் சேமித்து வைக்க வேண்டும். மறைச்சொல் களவுபோனால் புதியது வைத்துக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியுமா?

காற்றையும் அளக்கலாம்

நம் அலுவலகங்கள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்டவை. சன்னல்கள் மூடியே இருக்கும். வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் சுவரில் பொருத்தும் சாதாரணக் குளிரூட்டி, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் உள்ள அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது. அறை குளுகுளுவென்று இருப்பதால் காற்று புதியது என்று நினைத்துவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. அதுவும் அகச்சிவப்புக் கதிரால் இயங்குவதுதான். கரியமில வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிரை நன்றாக உறிஞ்சும். எவ்வளவு கதிர் குறைந்தது என்பதை வைத்து, காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று அந்தக் கருவி சொல்லிவிடும். வெளிக்காற்றில் இது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறக்குறைய 40,000 பங்கு. ஓர் அறையில் அளவு 1,220 என்று காட்டினால், கூடுதலாக உள்ள 800 பங்கும் அங்கிருப்பவர்கள் வெளிவிட்ட மூச்சிலிருந்து வந்தவை. அப்படியானால் நீங்கள் உள்ளிழுக்கும் காற்றில் ஐம்பதில் ஒரு பங்கு, யாரோ ஒருவர் ஏற்கெனவே வெளிவிட்டது.

இந்தக் கருவி கிருமியை எண்ணுவதில்லை. நல்ல வடிகட்டி கிருமிகளை நீக்கினாலும் கரியமில வாயு குறையாது. ஆனாலும், கூட்ட அறையில் புதிய காற்று போதவில்லை என்பதை எல்லாருக்கும் தெரியும்படி இது காட்டிவிடும். கதவைத் திறந்து வைக்கவோ கூட்டத்தைச் சுருக்கவோ அந்த ஓர் எண் போதும்.

தொடாத பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது; காற்று தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்குப் பணம் ஒதுக்குவது எளிது. அங்கேதான் அறிவியல் படிப்பவர்களின் பொறுப்பு தொடங்குகிறது. பாதுகாப்புக் கருவி என்று எதைக் காட்டினாலும், இந்தக் கிருமி எந்த வழியாகப் பரவுகிறது, இந்தக் கருவி அந்த வழியை அடைக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் பள்ளியில் கரியமில வாயு அளக்கும் கருவி இருந்தால், ஆசிரியரிடம் அனுமதி பெற்று ஒரு வாரம் வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் குறித்துக்கொள்ளுங்கள். சன்னல்களை மூடி ஒரு நாள், திறந்து ஒரு நாள் என ஒப்பிடுங்கள். கிடைக்கும் வரைபடத்தை வீட்டில் அப்பா அம்மாவிடம் காட்டி, அவர்களின் அலுவலகத்தில் சன்னல் திறக்குமா என்று கேளுங்கள்.