அந்தக் காலத்துக் காஞ்சி!

"அந்தக் காலத்துக் காஞ்சி எப்படி இருந்தது தெரியுமா?" என்று பெருமூச்சு விடுவோரைக் கண்டிருப்பீர்கள், தோழர்களே! ராஜ வீதிகளிலே நெரிசலே கிடையாதாம். குதிரை வண்டிச் சத்தமும் கோயில் மணிச் சத்தமும் தவிர வேறு ஓசை இல்லையாம். வெள்ளை வேட்டி, தோளிலே துண்டு, கையிலே நாலு புத்தகம் என்று கல்லூரி மாணவன் ஒருவன் நடந்து வந்தால், கடைக்காரர் எழுந்து நின்று பார்ப்பாராம். இன்றோ தெருவுக்குத் தெரு பட்டதாரி, நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கல்லூரிக் கட்டடம்! "படிப்புக்கு இருந்த மதிப்பே போய்விட்டது" என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் அத்தனை பெருமூச்சும்!

அழகாகத்தான் இருந்திருக்கும். மறுப்பாரில்லை. ஆள் புழங்காத வீடு எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

அந்த வீதியிலே நடக்காதவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியிலே இருந்தார்கள். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். சேருமிடம் அறுந்துபோகாமல் சேர வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளி ஒருவரால் ஆகாது. பக்கத்திலே உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுமா? ஆகவே, பத்து வயதுப் பிள்ளையின் கை! முதலாளியிடம் முன்பணம் வாங்கிய வீடுகளிலே, கடன் தீரும்வரை அந்தக் கை சிலேட்டைத் தொட்டதில்லை. மணமேடையிலே பளபளத்த கூறைப்புடவையின் கரையிலே, ஒரு சிறுவனின் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து நெய்யப்பட்டிருந்தன.

ஊருக்கு வெளியே போவோம். புள்ளலூர்! ஏடுகளிலே பெரிய பெயர். பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை முறியடித்த களம் என்று காசக்குடிச் செப்பேடு பேசுகிறது. 1780 செப்டம்பர் 10-இல் ஐதர் அலியின் மகன் திப்பு, வெள்ளைத் தளபதி பெய்லியின் படையைச் சின்னாபின்னமாக்கிய மண். ராக்கெட் சீறிய களம் அது. மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்கு அங்கே நினைவுத் தூண் உண்டு. பள்ளிக்கூட வாசலைக் காணாமலே அந்த வயல்களில் ஏர் பிடித்து மறைந்த தலைமுறைகளுக்கு என்ன உண்டு?

"காஞ்சி கல்வியில் கரையிலா நகரம் அன்றோ!" என்பார்கள். உண்மைதான். கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் காஞ்சிக் கடிகையிலே பயில வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. நாலந்தாவின் தலைவராக விளங்கிய தர்மபாலர் காஞ்சியிலே பிறந்தவர். பக்கத்திலே திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்திலே வேதப் பள்ளி இருந்தது, விடுதி இருந்தது, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையும் இருந்தது. பெருமையை மறைக்கவில்லை. ஆனால் கடிகையிலும் வேதப் பள்ளியிலும் பாடம் யாருக்கு? வேதம் ஓதும் உரிமை பெற்றவருக்கு! உத்திரமேரூர்க் குடவோலையை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுகிறோமே, அங்கும் ஓலையிலே பெயர் ஏற நிலம் வேண்டும், வேத அறிவு வேண்டும். உழுதவன் பெயருக்கு ஓலை ஏது?

அண்மைக் காலத்துக்கு வருவோம். காஞ்சியிலே பச்சையப்பன் கல்லூரி எழுந்தது 1947-இல்தான். அதற்கு முன் உள்ளூர்ப் பள்ளியை முடித்தவர் சென்னைக்குப் போக வேண்டும். நெசவாளர் குடும்பத்திலே 1909-இல் பிறந்த அண்ணா, காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியிலே படித்து, நகராட்சியிலே சிறிது காலம் எழுத்தராக இருந்து, அப்புறம்தான் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி வாசலை மிதித்தார். அவர் ஒருவர் போனார். அவரோடு தெருவிலே விளையாடியவர்களில் எத்தனை பேர் போனார்கள்? வள்ளல் பச்சையப்பர் பெயரால் நடந்த அந்தச் சென்னைக் கல்லூரியிலே கூட 1947 வரையில் இந்து மாணவருக்கு மட்டுமே இடம்! இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. கேம்பிரிட்ஜிலே பெண்களுக்குப் பட்டம் கொடுக்க 1948 வரை மனம் வரவில்லை. அந்த ஊரையும் அமைதியான ஊர் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கதவு தானாகத் திறக்கவில்லை. 1925-இல் இதே காஞ்சியிலே, காங்கிரஸ் மாநாட்டிலே வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் இல்லை என்றதும் பெரியார் வெளியேறினார். 1928-இல் முத்தையா முதலியார் அந்த உரிமையை ஆணையாக்கினார். 1950-இல் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது, கிளர்ச்சி எழுந்தது, 1951-இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. பாதி நாள் படிப்பு, பாதி நாள் அப்பன் தொழில் என்று 1953-இல் வந்த திட்டம் அடுத்த ஆண்டே போயிற்று. 2021-22 கணக்குப்படி, கல்லூரிச் சேர்க்கை இந்தியாவிலே நூற்றுக்கு 28, தமிழ்நாட்டிலே 47. இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் 'நெரிசல்' என்கிறார்கள்! 2006-இல் சட்டம் செய்து ஒழித்த நுழைவுத் தேர்வு, 2017-இல் 'நீட்' என்ற பெயரிலே மருத்துவக் கல்லூரி வாசலில் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் இதே பெருமூச்சின் பிள்ளைதான்.

ஆனால், இழந்தது ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு. அதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும். 1942-இல் காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' இதழ் வந்தது. முடிதிருத்தகத்திலும் சைக்கிள் கடையிலும் படிப்பகத்திலும் படித்தவர் உரக்கப் படிப்பார், படிக்காதவர் கேட்பார், பிறகு இருவரும் வாதாடுவார்கள். மாணவனும் தொழிலாளியும் ஒரே பெஞ்சிலே! இன்று காலையிலே கல்லூரிப் பேருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது, மாலையிலே கொட்டிவிட்டுப் போகிறது. ஊருக்கும் மாணவனுக்கும் பேச்சில்லை. 1984-க்குப் பின் பெருகிய சுயநிதிக் கல்லூரிகள் இடத்தைக் கொடுத்தன, கூடவே கடனையும் கொடுத்தன. தறிக்கு வாங்கிய முன்பணம் போய், படிப்புக்கு வாங்கிய கடன்! இதிலே நம் ஆட்சிக் காலங்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஆகவே கிளைக்கழகத் தோழர்களே, பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தின் சாவியைத் தேடி எடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வந்ததும் வீடு வீடாகப் போங்கள். தேறியும் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். கட்டணமா, பேருந்தா, தறியா, அவசரக் கல்யாணமா என்று காரணத்தை எதிரிலே எழுதுங்கள். ஒரு பிரதியை ஒன்றியச் செயலாளர் கையிலே கொடுங்கள். காரணங்களை மட்டும் எழுதி, படிப்பகச் சுவரிலே ஒட்டுங்கள். மாலையிலே பேருந்திலிருந்து இறங்குகிற மாணவனும் நின்று படிக்கட்டும்.