வாடகை வீட்டு மோசடி: புளோக்செயின் தடுக்குமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை கிடைத்ததும் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் தேடுவது வாடகை வீட்டைத்தான். முகநூலில் அழகான அடுக்குமாடி வீடு, மலிவான வாடகை. "இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள்" என்று அவசரப்படுத்தி முன்பணம் வாங்குவார்கள். பிறகு தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது.

இதற்குப் புளோக்செயின் தீர்வு என்கிறார்கள். பதிந்த தகவலை யாரும் ஓசையின்றித் திருத்த முடியாதபடி பல கணினிகளில் வைக்கும் பேரேடு அது. சாவி கைக்கு வந்த பிறகே முன்பணம் வீட்டுக்காரருக்குப் போகும்படியும் அதில் ஏற்பாடு செய்யலாம். நல்லதுதான்.

ஆனால், பொய்யைப் பதிந்தால் அந்தப் பொய்யும் அழியாமல் நிற்கும். வீடு யாருடையது என்பதை நில அலுவலகப் பதிவுதான் சொல்ல வேண்டும். அதோடு இணையாத செயலியால் என்ன பயன்? தனிப்பட்டா இன்னும் வராத அடுக்குமாடிகளில், வீட்டை வாங்கியவர் பெயரே அங்கு இருக்காது; பெரும்பாலும் மேம்பாட்டாளர் பெயர்தான் இருக்கும். மேலும், சட்டம் கட்டாயமாக்காதவரை ஏமாற்றுக்காரன் இந்த வழிக்கே வரமாட்டான். வீட்டு வாடகைச் சட்டம் பற்றியோ அரசாங்கம் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே இருக்கிறது.

இப்போதைக்குக் கையில் இருப்பவை எளிய வழிகள்தான். முகவர் என்றால் பதிவு எண்ணைக் கேட்டு, சொத்து முகவர் வாரியத்தில் சரிபாருங்கள். வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். புகார் இல்லை என்று வந்தாலும், வீட்டை நேரில் பார்க்காமல் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால், தாமதிக்காமல் 997-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முயல்வார்கள்.