செத்துப் பிறந்தாலும் பிறந்ததுதான்

டிஸ்கி: இது கொஞ்சம் கனமான பதிவு. இந்த இழப்பை நேரில் பார்த்தவர்கள் மனசு சரியாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம். "எதையெல்லாம் சட்டம் அங்கீகரிக்க வேண்டும்?" என்பது தலைப்பு. ஆளுக்கு ஐந்து நிமிடம். என் முறை வந்தபோது, அமெரிக்காவில் செத்துப் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் போராடிய கதையைச் சொன்னேன். முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"செத்துப் பொறந்த குழந்தைக்கு பர்த் சர்டிபிகேட் எதுக்கு மச்சி? ஸ்கூல்ல சேர்க்கவா?"

வகுப்பே சிரித்தது. அதைவிட மோசம், பதில் சொல்லத் தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு தொண்டையில் மாட்டிய முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சொல்ல வராத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். மச்சி, நீயும் படிப்பாய் என்று தெரியும்.

முதலில் அந்தக் கதை. அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ஜோஆன் காச்சியடோரே என்ற பெண்ணுக்கு 1994ல் குழந்தை செத்துப் பிறந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டார். தரமாட்டோம் என்றது அரசு. கிடைத்ததெல்லாம் இறப்பைப் பதிவு செய்த தாள் மட்டும். அவர் ஓயவில்லை. தன்னைப் போன்ற பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். 2001ல், நாட்டிலேயே முதல் முறையாக, அரிசோனாவில் சட்டம் வந்தது. பெற்றோர் கேட்டால், "உயிரற்ற பிறப்பில் முடிந்த பிரசவம்" என்று பதிந்த ஒரு சான்றிதழ் தர வேண்டும் என்றது அது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோர்கள் இதே போராட்டத்தை நடத்தி, இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தச் சான்றிதழ் கிடைக்கிறது.

இப்போது யோசியுங்கள். இறந்ததற்குத் தாள் உண்டு, பிறந்ததற்குத் தாள் இல்லை. பிறக்காத ஒருவர் எப்படி ஐயா இறக்க முடியும்? இதைக் கேட்க வக்கீல் படிப்பு தேவையா? அரசாங்கம் அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்லை என்றால்கூட ஒரு மாதிரி ஒத்துக்கொள்ளலாம். பார்த்திருக்கிறது. எத்தனை வாரம் என்று கணக்குப் போட்டிருக்கிறது. இறப்பு என்று எழுதிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு, அம்மா கேட்கும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் "அப்படி யாரும் பிறக்கவில்லையே" என்றால் அதற்குப் பெயர் என்ன?

பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசி மாதங்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டால், அது தானாகக் கரைந்து போவதில்லை. பெரும்பாலும் மருந்து கொடுத்து வலி வரவைத்து, மற்ற எல்லாக் குழந்தைகளையும் போலவே பெற்றெடுக்க வேண்டும். அதே வலி. அதே ரத்தம். இரண்டு மூன்று நாளில் பாலும் சுரக்கும். குடிக்க ஆள் இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது.

என் அத்தைக்கு நடந்தது இது. எட்டாம் மாசம். நான் பிறப்பதற்கு முன்னால். துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஆணா பெண்ணா என்பதையே மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்களாம். பால் கட்டிக்கொண்டதற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் வீட்டில் பூக்கட்ட மல்லிகை வாங்கினால் அத்தை மட்டும் எழுந்து போய்விடுவார். யாராவது "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் "மூணு" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் உடனே திருத்துவார்கள், "ரெண்டுதான்". அத்தை பேசாமல் இருப்பார். இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் திருத்தம் நடக்கிறது. அந்தத் தாள் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் என் முதல் பதில். "மூணு" என்று ஒரு அம்மா சொன்னால், அதை யாரும் திருத்தாமல் இருப்பதற்கு.

அடுத்து, கோடுகள். சட்டம் என்றால் எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போட்ட கோடுகளின் லட்சணத்தைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் செத்துப் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்யும் வழக்கம் 1927லேயே வந்துவிட்டது. அப்போது கோடு 28 வாரம். 1992ல் அதை 24 வாரமாகக் குறைத்தார்கள். 24 வாரம் முடிந்து பிறந்தால் பதிவேட்டில் இடம் உண்டு. ஒரே ஒரு நாள் முன்னால் பிறந்தால்? ஒன்றும் இல்லை. அதே சமயம், 22 வாரத்தில் பிறந்த குழந்தை ஒரு நிமிடம் மூச்சு விட்டிருந்தால் பிறப்புச் சான்றிதழும் உண்டு, இறப்புச் சான்றிதழும் உண்டு. பிள்ளையை இழந்த ஊழியர்களுக்கு இரண்டு வாரம் விடுப்பு தரும் சட்டம் அங்கே 2020ல் வந்தது. அதுவும் அதே 24 வாரத்தையே வாசற்படியாக வைத்தது. பெற்றோர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 24 வாரத்துக்கு முன் இழந்தவர்களும் வாங்கிக்கொள்ளும்படி ஒரு சான்றிதழை 2024 பிப்ரவரியில் அரசு கொண்டுவந்தது. விருப்பம் இருந்தால் வாங்கலாம், கட்டணம் இல்லை. சட்டப்படியான ஆவணமும் இல்லை.

ஜெர்மனியில் கோடு கிராம் கணக்கில். 500 கிராமுக்குக் குறைவாகச் செத்துப் பிறந்தால் 2013 வரை எந்தப் பதிவும் கிடையாது. 490 கிராம் என்றால் குழந்தை இல்லை, 510 என்றால் குழந்தை! மளிகைக் கடைத் தராசில்கூட இவ்வளவு கறார் கிடையாது. ஹெஸ்ஸன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி சுமார் 40,000 கையெழுத்து சேர்த்து நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 2013 மே மாதத்திலிருந்து, எடை எவ்வளவாக இருந்தாலும், பெற்றோர் விரும்பினால் பெயரோடு சான்றிதழ் வாங்கலாம் என்று சட்டம் மாறியது. பல வருஷங்களுக்கு முன் இழந்தவர்களும் வாங்கலாம்.

பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2008ல் இன்னும் நேராகவே சொன்னது: எடையையும் வாரத்தையும் காரணம் காட்டிப் பதிவை மறுக்க முடியாது, சட்டத்தில் அப்படி ஒரு வரம்பே இல்லை என்று.

சரி, எதிர்த்தரப்பு. விவாதத்தில் அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டுமல்லவா?

மிக முக்கியமான எதிர்ப்பு பெண்ணுரிமைக்காரர்களிடமிருந்து வந்தது. "இன்றைக்குச் செத்துப் பிறந்த சிசுவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தால், நாளைக்குக் கருவில் இருப்பதெல்லாம் சட்டப்படி மனிதர் என்பார்கள். கருக்கலைப்பு உரிமை போய்விடும்" என்கிறார்கள். இது வெறும் கற்பனைப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். எல் சால்வடோரில் என்ன நடந்தது? தியோடோரா வாஸ்குவெஸ் என்ற பெண்ணுக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. அவரே கொன்றுவிட்டார் என்று சொல்லி 2008ல் 30 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 2018ல்தான் வெளியே வந்தார். சிசுவின் பெயரைச் சொல்லி அரசாங்கம் தாயின் கழுத்தில் கை வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். 2022ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்த பிறகு இந்தப் பயம் கூடத்தான் செய்யும்.

ஆனால் இதற்காகத் துக்கத்தில் இருக்கும் அம்மாவின் வாயை அடைப்பது எந்த ஊர் நியாயம்? இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: கேட்பது யார்? வாஸ்குவெஸ் வழக்கில் சிசுவுக்காகப் பேசியது அரசாங்கம், தாய்க்கு எதிராக. இந்தச் சான்றிதழில் பேசுவது தாய், தன் குழந்தைக்காக. அவர் கேட்டால் மட்டும் கொடு. கேட்காவிட்டால் கொடுக்காதே, கட்டாயப்படுத்தாதே. வேறு எந்தச் சட்ட விளைவும் இதனால் வராது என்று சட்டத்திலேயே எழுதிவை. முடிந்தது.

சரித்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள். இங்கிலாந்தில் செத்துப் பிறந்த குழந்தைகளின் பதிவேடு தொடங்கியது 1927ல். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது 1967ல். நாற்பது வருஷமாக அந்தப் பதிவேடு இருந்த நாட்டில்தான் அந்தச் சட்டமே வந்தது! இன்று வரை இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே, பதிவேடு வந்தால் உரிமை போய்விடும் என்பது தானாக நடக்கிற விஷயம் இல்லை. உரிமையைப் பறிக்க நினைப்பவர்கள் எதை வைத்தும் பறிப்பார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டியதுதான். அதற்கு இந்த அம்மாக்களின் துக்கத்தைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு எதிர்ப்பு, நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. "மறக்கிறதுதான் நல்லது. தாளை வைச்சுக்கிட்டு ஏன் ஞாபகப்படுத்திக்கணும்?" நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஞாபகம் தாளிலா இருக்கிறது? அத்தையிடம் எந்தத் தாளும் இல்லை. மறந்துவிட்டாரா? மறக்க விரும்புகிறவர் மறக்கட்டும், அவருக்கு யாரும் வீடு தேடி வந்து சான்றிதழ் கொடுக்கப் போவதில்லை. மறக்க முடியாதவரைப் பார்த்து "மற" என்று கட்டளை போடாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது விமர்சனம் என்னுடையது. அரசாங்கத்துக்குச் சான்றிதழ் ரொம்ப மலிவு. ஒரு தாள், ஒரு முத்திரை. உலகத்தில் 2021ல் மட்டும் 28 வாரத்துக்குப் பிறகு செத்துப் பிறந்த குழந்தைகள் சுமார் 19 லட்சம் என்கிறது ஐ.நா. கணக்கு. ஏறக்குறைய 17 நொடிக்கு ஒன்று. இவற்றில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் பிரசவ வலி வந்த பிறகு இறந்தவை. அதாவது, நல்ல கவனிப்பு இருந்திருந்தால் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். தாளைக் கொடுத்துவிட்டு, மருத்துவச்சியையும் சிசேரியன் வசதியையும் கொடுக்காமல் இருந்தால் அது ஏமாற்று வேலைதான்.

ஆனாலும் நான் தாளுக்கு ஆதரவுதான். ஏனென்றால் எண்ணாததை யாரும் குறைக்க மாட்டார்கள். 2000ல் ஐ.நா. போட்ட புத்தாயிரம் ஆண்டு இலக்குகளில் செத்துப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2015ல் புது இலக்குகள் போட்டார்கள். பச்சிளம் குழந்தை இறப்புக்கு இலக்கு உண்டு, ஐந்து வயதுக்குள் இறப்பதற்கு உண்டு. செத்துப் பிறப்பதற்கு அதிலும் இல்லை. லட்சக்கணக்கான பெற்றோர் வாய் திறக்காமல் இருந்ததால் உலகம் வசதியாக மறந்துவிட்டது. பெயரும் தேதியும் போட்ட தாளைக் கையில் வைத்திருக்கும் பெற்றோரை அவ்வளவு சுலபத்தில் மறக்க முடியாது.

கடைசியாக நம் நாடு. 2019ல் எண்ணிக்கையில் உலகத்திலேயே முதலிடம் நமக்குத்தான், சுமார் 3.4 லட்சம். வேடிக்கை என்னவென்றால், நம்முடைய 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில், "பிறப்பு" என்ற சொல்லுக்கு உயிருள்ள பிறப்பு அல்லது உயிரற்ற பிறப்பு என்றுதான் பொருள் சொல்லியிருக்கிறார்கள். 1961ஆம் வருஷத்து மகப்பேறு உதவிச் சட்டம் "குழந்தை" என்றால் செத்துப் பிறந்த குழந்தையும் சேர்த்திதான் என்கிறது. அமெரிக்கப் பெற்றோர்கள் மாநிலம் மாநிலமாக அலைந்து வாங்கிய சொல்லை, நம் சட்டப் புத்தகம் ஐம்பது வருஷத்துக்கு முன்பே சும்மா எழுதி வைத்திருக்கிறது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை செத்துப் பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022ல் ஆணையும் வந்திருக்கிறது. சட்டம் "பிறந்தது" என்கிறது. "இல்லை, ரெண்டுதான்" என்று திருத்துவது நாம்தான்.

ஆகவே மச்சி, ஸ்கூலில் சேர்க்க இல்லை. ரேஷன் கார்டுக்கும் இல்லை. பத்து மாசம் இல்லாவிட்டாலும் எட்டு மாசம் ஒரு உயிர் இருந்தது, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஆட்டம் போட்டது, அதற்கு ஒரு அம்மா இருந்தாள் என்று இந்த உலகத்தில் இன்னொருவர் எழுத்தில் ஒத்துக்கொள்வதற்கு. அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். யாரோ வழக்கம் போல் கேட்டார்கள், அத்தை "மூணு" என்றார். பக்கத்திலிருந்து வழக்கமான திருத்தம் வருவதற்குள் நான் முந்திக்கொண்டு, "ஆமா, மூணு" என்றேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் இன்னொரு தோசை போட்டார்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகப் பின்னூட்டத்தில் வந்து திட்டுங்கள். சிரிக்க மட்டும் வேண்டாம்.