மாமரம் இந்தப் பக்கம்

"பதினைஞ்சு வயசாகியும், கனடாவிலயிருந்து சித்தி அனுப்பின லெகோக் கட்டிகளோடயே இருக்கிறான் மிஸ். ஓ.எல். வருது" என்று ஒரு தாய் குறைப்பட்டார்.

மகன் கட்டியிருந்தது கிணறும் முற்றமும் உள்ள வீடு. அவன் பிறப்பதற்கு முன், 2009இல் அழிந்துபோன அவர்களது வீடு. தாய் சொல்லக் கேட்டே கட்டியிருக்கிறான்.

லெகோ நிறுவனத்தைத் தொடங்கிய டென்மார்க் தச்சர் ஒலே கிர்க் கிறிஸ்டியான்சன், 1932இல் மனைவியை இழந்தவர். நான்கு ஆண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரப்பொம்மைகள் செய்தார். 1942இல் தொழிற்சாலை எரிந்தபோதும் திரும்பக் கட்டினார்.

இதைச் சொன்னபோது தாய் ஒன்றும் பேசவில்லை. ஒரு கட்டியை எடுத்து, "மாமரம் இந்தப் பக்கம், தம்பி" என்று வைத்தார்.

சகோதரிகளே, படிப்புக்கு நேரம் ஒதுக்குங்கள்; கட்டிகளைப் பறிக்காதீர்கள். அருகில் இருந்து, என்ன கட்டுகிறான் என்று கேளுங்கள்.