வெளிநாட்டு வீரரும் வீட்டுப் பிள்ளையும்

ஐஸ் ஹொக்கி நமக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. ஆனால் அதில் உள்ள பிரச்சினை நமக்குப் புதிதல்ல.

பிரித்தானியாவின் எலைட் லீக்கில் பெல்பாஸ்ட், கார்டிப், ஷெபீல்ட், நொட்டிங்ஹாம் என்று ஊர்ப் பெயரில்தான் கழகங்கள் இருக்கின்றன. களமிறங்குபவர்களில் பெரும்பாலானோரோ கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள்.

இதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. கனடாவில் குளிர்காலத்தில் குளங்களே மைதானமாகின்றன. பிரித்தானியப் பிள்ளைகளுக்கு உள்ளக அரங்குகள் மட்டுமே. தரமான ஆட்டம் இல்லையென்றால் ரசிகர் வரமாட்டார். ரசிகர் இல்லாமல் கழகம் நிலைக்காது. 1936 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரித்தானிய அணியிலும் பலர் கனடாவில் வளர்ந்தவர்களே.

நமது கேள்வி வேறு. வெளிநாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய இடங்களையெல்லாம் நிரப்பி, முழு நேரமும் அவர்களையே ஆடவிட்டால் உள்ளூர் இளைஞன் எப்போது கற்பான்? ஆசிரியர்களான நமக்குத் தெரியும்: வகுப்பில் கேள்வியே கேட்கப்படாத மாணவன் பதில் சொல்லப் பழகமாட்டான்.

லியம் கேர்க்கைப் பாருங்கள். ஷெபீல்ட் ஸ்டீலர்ஸ் அணியில் இளவயதிலேயே வெளிநாட்டு வீரர்களோடு ஆடினார். 2018இல் என்.எச்.எல். அணியொன்று அவரைத் தெரிவுசெய்தது. இங்கிலாந்தில் பிறந்து அங்கேயே பயின்ற ஒருவருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது அதுவே முதல் தடவை. 2021 உலக சம்பியன்ஷிப்பில் நாட்டுக்காக 7 கோல்கள் போட்டார்.

ஆகவே, வெளிநாட்டு வீரரை அழைக்கட்டும். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஊர்ப் பிள்ளைக்கும் அவர் பக்கத்தில் நின்று ஆட நேரம் கொடுக்கட்டும். ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பினாலும், அவரிடம் கற்றவன் அங்கேயே இருப்பான்.