செலவை யோசித்து நின்ற ஒரு மணி நேரம்



போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேல் பிரிவு லயத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் மேல் கொதிதண்ணீர் சாய்ந்துவிட்டது. அடுப்பு இஸ்தோப்பில். இறக்கிய கேத்தலை வைக்க வேறு இடமில்லாமல் தரையில் வைத்திருந்தார்கள். பிள்ளையின் வலது கை, தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அப்பாயி ஓடிவந்து பற்பசை பூசினார். பக்கத்துக் காம்பராவிலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. லொறி டிரைவர் டவுனுக்குப் போயிருந்தார்.

செய்தி கேட்டு நாங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளை இன்னும் வாசலில்தான் இருந்தது. ஆட்டோக்காரர் கேட்ட காசில் பாதிகூட வீட்டில் இல்லை. எங்களைக் கண்டதும் அந்தத் தாய் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “டீச்சர், ஆஸ்பத்திரியில எவ்வளவு கேப்பாங்க? எங்ககிட்ட இன்சூரன்ஸ் ஒண்ணும் இல்லையே.”

அந்த ஒரு மணி நேரம் போனதற்குக் காரணம் வண்டி இல்லாதது மட்டுமல்ல, இந்தப் பயமும்தான். அதனால் பதிலை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டுச் சேர்ப்பதில்லை. வார்ட்டில் கட்டிலுக்குக் காசு இல்லை. மருந்து கட்டுவதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் காசு இல்லை. அவசரத்துக்குப் போகிறவருக்குத் தோட்டத் துண்டும் தேவையில்லை, சங்க அட்டையும் தேவையில்லை. காயம் பெரிதாக இருந்து வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தால் அவர்களே அம்புலன்ஸில் அனுப்புவார்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், பிள்ளைகளுக்கான லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலையிலும் தீக்காயத்துக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. நம்மில் சிலர் முதலில் டவுனில் காசு வாங்கும் டாக்டரிடம் போய், கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். காசும் போய்விடுகிறது, காயத்திலும் கிருமி சேர்ந்துவிடுகிறது.

வண்டிக்கு 1990 என்ற இலக்கம் இருக்கிறது. சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்கும் கட்டணம் இல்லை. அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், பிரிவு, பெரிய ரோட்டில் எந்தச் சந்தி என்பதைச் சொல்லுங்கள். லயத்துப் பாதையில் வண்டி ஏறாது என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு வந்து நில்லுங்கள். பெரிய ரோட்டுக்கே ஒரு மணி நேரம் இறங்க வேண்டிய பிரிவுகளும் நம்மிடம் உண்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

வண்டி வரும்வரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர். சுட்ட இடத்தை ஓடுகிற பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பைப்பில் தண்ணீர் வராவிட்டால் வாளியில் அள்ளி ஊற்றுங்கள். சுட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் போயிருந்தாலும் ஊற்றுங்கள், அப்போதும் பலன் உண்டு. வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிப்போன துணியை இழுக்க வேண்டாம். பற்பசை, எண்ணெய், முட்டை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். சுடாத உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். நமது மலைக்குளிரில் நனைந்த பிள்ளை சீக்கிரம் விறைத்துப்போகும்.

காயம் அவரவர் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிதான். முகம், கை, கால், மூட்டு, மறைவிடம் என்றால் சின்னக் காயமானாலும் ஆஸ்பத்திரிதான். மின்சாரத்தாலோ மருந்துத் தண்ணீராலோ பட்ட காயத்துக்கும் கைக்குழந்தைகளின் காயத்துக்கும் இதே விதி. வலிக்கவில்லை என்று சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். ஆழமாக வெந்த இடத்தில் வலி தெரியாது.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். டாக்டர்மாரும் தாதிமாரும் நன்றாகவே பார்த்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. ஆனால் செலவு இல்லாமல் போகவில்லை. தாய் கூடவே இருந்ததால் மூன்று வாரம் பேர் இல்லை. தகப்பன் பாதி நாள் மலைக்கும் பாதி நாள் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார். ஆஸ்பத்திரியில் கைவசம் இல்லாத களிம்பு ஒன்றை வெளியில் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு முறை கிளினிக், கையை நீட்டிப் பழக்கும் பயிற்சி. ஒவ்வொரு பயணத்துக்கும் ஆட்டோக் கூலி, பஸ் காசு, ஒரு நாள் சம்பளம். மூன்று முறை போனார்கள். நான்காவது முறை கடனுக்குக் கேட்க ஆளில்லை. காயம் ஆறிவிட்டதே என்று நிறுத்திவிட்டார்கள்.

மூட்டின் மேல் ஆறுகிற தீக்காயம் ஆறும்போதே சுருங்கும். பயிற்சி நின்றால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். இன்று அந்தப் பிள்ளையின் முழங்கை நேராக நீளாது. கரும்பலகைக்கு வந்து எழுதச் சொன்னால் இடது கையால் எழுதுகிறது.

இதில் நம் பங்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செத்த வீட்டுக்குச் சங்கம் காசு கொடுக்கிறது. திருவிழாவுக்குக் கொடுக்கிறது. கிளினிக்குக்குப் போகப் பஸ் காசு கொடுக்க நம்மிடம் ஒரு வழி இருக்கவில்லை. அந்தக் குடும்பம் கிளினிக்கை நிறுத்தியது எங்களுக்குத் தெரிய வந்தபோது நான்கு மாதம் கடந்திருந்தது. ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு நாங்கள் விசாரிக்கவில்லை.

காப்புறுதி என்ற சொல்லுக்கும் வருவோம். அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எங்களுக்கும் அது உண்டு. நாங்கள் படிப்பிக்கும் பிள்ளைகளின் தாய்மாருக்கு இல்லை. கம்பனியில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கு இல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று 2017இல் சுரக்ஷா காப்புறுதி தொடங்கப்பட்டது. உங்கள் பிள்ளைக்கு விபத்து நடந்தால் இந்த உதவி கிடைக்குமா என்று அதிபரிடம் உடனே விசாரியுங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் அங்கத்தவர்களுக்கு மருத்துவ உதவித் திட்டங்கள் உண்டு. எதற்குப் போனாலும் ஆஸ்பத்திரி தரும் டயக்னோசிஸ் கார்ட்டையும் கிளினிக் கொப்பியையும் கேட்பார்கள். அவற்றை அடுப்புப் புகையில் செருகி வைக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

வேலை நேரத்தில் சுட்டால் அது வேறு விஷயம். ஸ்டோரில் டிரையர் பக்கத்தில் சுட்டாலும், மருந்து அடிக்கும்போது தோல் வெந்தாலும், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அங்கே வருகிறது. அந்த நட்டஈடு துரை மனமிரங்கித் தரும் உதவி அல்ல, உங்கள் உரிமை. விபத்து நடந்த அன்றே எழுத்தில் அறிவியுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். “வீட்டில் சுட்டது என்று சொல்லிச் சேர்ந்துகொள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறீர்களோ அதுதான் கார்ட்டில் ஏறும்.

வீட்டில் சுட்டதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே காம்பராவுக்குள் வைத்தது யார்? கரண்ட் வெட்டப்பட்ட வீடுகளில் மறுபடியும் குப்பி லாம்பு எரிகிறது. சாய்ந்தால் தீப்பிடிக்கும் அந்தக் குப்பிக்குப் பதிலாக, சாயாத கனமான கண்ணாடியும் திருகு மூடியும் கொண்ட லாம்பைச் செய்தவர் நமது நாட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. தீக்காயம் பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த அனுபவத்தில்தான் அதைச் செய்தார், 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு டாக்டரே நிற்கவில்லை. நாம் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் கொடுப்பது தோட்டத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரன் சட்டம் எழுதினான். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. கேட்டால் அரசாங்கம் கம்பனியைக் காட்டுகிறது, கம்பனி அரசாங்கத்தைக் காட்டுகிறது. நடுவில் பூட்டிய டிஸ்பென்சரி வாசலில் நிற்பது நாம்.

எனவே நிர்வாகத்திடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டிருக்கிறோம். ஞாயிறும் போயா நாளும் உட்பட, இரவிலும் பகலிலும் ஒரு வண்டியும் டிரைவரும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பெரிய ரோட்டிலிருந்து தூரமான பிரிவுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. டிஸ்பென்சரி பூட்டியிருக்கும் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று கதவில் பெயரும் இலக்கமும் தமிழில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் எப்போதும் தண்ணீர் வரும் பைப் ஒன்று வேண்டும்.

சங்கமும் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறது. இந்த மாதச் சந்தாவிலிருந்து ஒரு பகுதி கிளினிக் பயணத்துக்கென்று தனியாக வைக்கப்படும். கிளினிக் கொப்பியைக் காட்டினால் போதும், பஸ் காசு கையில் கிடைக்கும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர் என்று கேட்க மாட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பிரிவுத் தலைவர் வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து, அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் அந்தப் பிள்ளையின் முழங்கைக்கு அறுவைச் சிகிச்சை. இறுகிய தோலை விடுவித்தால் கை நீளும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கும் கட்டணம் இல்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். இந்த முறை நான்காவது பயணத்தோடு அது நிற்காது. நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் எல்லாருடைய பொறுப்பு.